டிஸ்ஃபியோர்டு: வரைபடத்திலிருந்து மறைந்த ஒரு வட்டாரம்



உங்கள் வீட்டிலோ பிள்ளைகளின் பாடநூலிலோ உலகப் படம் இருந்தால் அதை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் மலேசியா நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. விரலை அங்கிருந்து நேர் வடக்கே, படத்தின் மேல் விளிம்பு வரை கொண்டுபோய், பிறகு மேற்கே ஐரோப்பாவின் உச்சிக்கு நகர்த்துங்கள். வால் போல் நீண்டு கிடக்கும் ஒரு நாடு தெரியும். அதுதான் நார்வே. அதன் மேற்குக் கரை முழுவதும் எலி கடித்த துணியைப் போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். ஒவ்வொரு கிழிசலும் கடல் உள்ளே புகுந்த இடம். அந்நாட்டார் அதை ‘ஃபியோர்டு’ என்பார்கள். அவற்றுள் ஒன்றின் கரையில் 151 ஆண்டுகள் இருந்து மறைந்துபோன டிஸ்ஃபியோர்டு என்னும் வட்டாரத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

நார்வே நாட்டின் ஆட்சி முறையில் அடிமட்ட அமைப்பின் பெயர் ‘கொம்யூன்’. நாம் அதை ஊராட்சி வட்டாரம் எனலாம். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று அதை நடத்துகிறது. தொடக்கப்பள்ளி, முதியோர் பராமரிப்பு, குடிநீர், உள்ளூர்ச் சாலை எல்லாம் அதன் பொறுப்பு. பள்ளி இந்த மன்றத்தின் கையில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

டிஸ்ஃபியோர்டு வட்டாரம் 1869-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், லோடிங்கன் என்ற பெரிய வட்டாரத்திலிருந்து பிரிந்து தனியானது. அப்போது மக்கள் சுமார் 1,400 பேர். அதன் கடைசி ஆண்டுகளிலும் ஏறக்குறைய 2,000 பேர்தான். பரப்போ ஏறத்தாழ 1,460 சதுர கிலோமீட்டர். பினாங்கு மாநிலத்தை விடப் பெரிய நிலத்தில் ஒரு பெரிய தோட்டத்தின் மக்கள்தொகை! மற்றதெல்லாம் பாறை, பனி, தண்ணீர்.

இந்த நிலம் எப்படி இவ்வாறு ஆயிற்று? பனியூழிக் காலங்களில் வடஐரோப்பா முழுவதும் கனத்த பனிக்கட்டியின் கீழ்க் கிடந்தது. பனிக்கட்டி அசையாமல் இருப்பது போல் தோன்றினாலும் தன் பாரத்தால் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகரும். நகரும்போது அடியில் உள்ள கற்களையும் இழுத்துக்கொண்டு போகும். உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பது போல் அது பல்லாயிரம் ஆண்டுகள் பாறையைத் தேய்த்துத் தேய்த்து ஆழமான பள்ளத்தாக்குகளைக் குடைந்தது. பிறகு பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்தது. டிஸ்ஃபியோர்டின் நீர் மிக ஆழமான இடத்தில் 897 மீட்டர். நார்வேயின் ஃபியோர்டுகளில் இது ஆழத்தில் இரண்டாவது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றின் மேல் மற்றொன்றை வைத்து அங்கே இறக்கினால், உச்சியில் சுமார் ஏழு மீட்டர்தான் நீருக்கு மேலே தெரியும்.

கரையிலோ மலைகள் நீரிலிருந்தே செங்குத்தாக எழுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது ஸ்டேட்டின்ட். 1,392 மீட்டர் உயரம். கெடாவின் ஜெராய் மலையைப் பார்த்தவர்கள், அதைவிடச் சற்றே உயரமான ஒரே பாறை கடலோரத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். உச்சி தட்டையாக இருப்பதால், கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்லின் பெயரே அதற்கு அமைந்தது. 1888-இலும் 1904-இலும் வெளிநாட்டு மலையேறிகள் முயன்று தோற்றார்கள். 1910-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் நார்வேக்காரர் மூவர் உச்சியை அடைந்தனர். 2002-இல் அந்நாட்டு வானொலி நேயர்கள் வாக்களித்து இதையே தங்கள் ‘தேசிய மலை’ என்று தேர்ந்தெடுத்தார்கள். வானொலி கேட்கும் நமக்கு இது மகிழ்ச்சியான செய்தி அல்லவா?

இவ்வட்டாரம் வட துருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ளது. மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. டிசம்பரிலோ சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. நண்பகலில் அந்திப் பொழுதைப் போல் மங்கிய நீல வெளிச்சம் மட்டும் வந்துபோகும். ஆனாலும் தெற்கிலிருந்து அட்லாண்டிக் கடலில் ஏறிவரும் வெப்ப நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை. குளிர்காலத்திலும் படகு ஓடும், மீன் கிடைக்கும். மனிதர் அங்கே வாழ முடிந்ததற்குக் காரணம் இதுவே.

எத்தனை காலமாக வாழ்கிறார்கள்? லெய்க்னெஸ் என்ற இடத்தில் கரையோரப் பாறையில் விலங்குகளின் உருவங்கள் தேய்த்து வரையப்பட்டுள்ளன. ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மான் இனங்களோடு ‘ஓர்கா’ என்னும் கறுப்பு வெள்ளைத் திமிங்கிலமும் அதில் இருக்கிறது. 1990-களில் நம் சாளை மீனின் உறவான ஹெர்ரிங் மீன் குளிர்காலத்தைக் கழிக்க இந்த ஃபியோர்டுக்குள் கூட்டங்கூட்டமாக வந்தது. அதைத் தின்ன நூற்றுக்கணக்கான ஓர்காக்கள் பின்தொடர்ந்தன. அவற்றைக் காணப் பயணிகளும் வந்தார்கள். பிறகு ஹெர்ரிங் தன் இடத்தை மாற்றிக்கொண்டது. ஓர்காக்களும் அதன் பின்னே போய்விட்டன.

இனி அங்குள்ள மக்களைப் பார்ப்போம். நார்வே மொழி பேசுவோர் ஒரு பகுதியினர். மற்றொரு பகுதியினர் அவர்களுக்கு முன்பிருந்தே வடபுலத்தில் வாழும் பழங்குடியினர். அவர்கள் பெயர் ‘சாமி’. நம் காதுக்கு அது தெய்வத்தின் பெயராகக் கேட்கும். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. சாமி மொழி ஒன்றல்ல, பல. இந்த ஃபியோர்டில் பேசப்படுவது லூலே சாமி. சுவீடனில் ஓடும் லூலே ஆற்றின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. இருநாட்டிலும் சேர்த்து இதைப் பேசுவோர் இரண்டாயிரம் பேருக்கு மேல் இல்லை என்பதே பொதுவான கணக்கு. இவர்கள் மொழியில் இவ்வட்டாரத்தின் பெயர் திவ்தஸ்வுவொட்னா.

சாமி என்றால் கலைமான் மேய்ப்பவர் என்றே பலரும் எண்ணுவர். ஃபியோர்டின் சாமி மக்களில் பெரும்பாலோர் கடலை நம்பியவர்கள். வீட்டருகே சிறு நிலம், சில ஆடு மாடுகள். குளிர்காலத்தில் மேற்கே உள்ள லோஃபோட்டன் தீவுகளுக்குக் காட் மீன் பிடிக்கப் படகேறுவார்கள். நாம் மருந்தாகக் குடித்த மீனெண்ணெய் இந்தக் காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பதுதான். கலைமான் மேய்ப்போர் கோடையில் சுவீடன் பக்கமிருந்து மலை தாண்டி வருவார்கள். ஹெல்லமோபோட்ன் என்ற இடத்தில் கடல்நீரிலிருந்து சுவீடன் எல்லைக்கு 6.3 கிலோமீட்டர்தான். நார்வே பெருநிலத்தின் மிகக் குறுகிய இடம் அதுவே. 1751-இல் இரு நாடுகளுக்கும் எல்லைக்கோடு போட்டபோது, சாமி மக்கள் மந்தையோடு கடந்து செல்லும் உரிமையை அந்த உடன்படிக்கையின் இணைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

இந்தக் குறுகிய வழி 1940-களில் பல உயிர்களைக் காத்தது. 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை நார்வே ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. சுவீடன் போரில் சேராத நாடு. தப்பி ஓடிய மக்களைப் படகில் ஃபியோர்டின் கோடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மலைவழியே எல்லை தாண்டவைத்தவர்கள் வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள். அவர்களில் சாமி மக்கள் பலர். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே அதைச் செய்தார்கள்.

அப்படிப்பட்டவர்களின் மொழிக்கு நேர்ந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து நார்வே அரசு சாமி மக்களை நார்வேயராகவே மாற்றும் கொள்கையைக் கடைப்பிடித்தது. பள்ளியில் நார்வே மொழி ஒன்றே. குடியிருப்புகள் சிதறிக் கிடந்ததால் பிள்ளைகள் பலர் வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் படித்தார்கள். ஆசிரியர் சொல்வது புரியாமல் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளை, தன்னைத்தான் மந்தம் என்று எண்ணிக்கொள்ளும். அந்தப் பிள்ளை வளர்ந்து பெற்றோரானபோது, தான் பட்ட துன்பம் தன் குழந்தைக்கு வேண்டாம் என்று வீட்டிலும் நார்வே மொழியே பேசியது. யாரும் வந்து வீட்டுக்குள் மொழியைத் தடை செய்யவில்லை. பெற்றோரின் அன்பின் வழியாகவே மொழி வீட்டை விட்டு வெளியேறியது. தோட்டப்புறத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

1959-இல் பள்ளியில் சாமி மொழியில் கற்பிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1983-இல்தான் லூலே சாமிக்கு முறையான எழுத்துமுறை ஏற்கப்பட்டது. 1989-இல் சாமி மக்களுக்கென ஒரு நாடாளுமன்றம் தோன்றியது. 1994-இல் டிராக் என்ற ஊரில் லூலே சாமி மையம் திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘ஆர்ரான்’, அதாவது வீட்டின் நடுவே எரியும் அடுப்பு. 2006 முதல் டிஸ்ஃபியோர்டு சாமி மொழி ஆட்சிப் பகுதியில் சேர்ந்தது. மன்றத்துக்குச் சாமி மொழியில் எழுதினால் சாமி மொழியில் பதில் பெறும் உரிமை வந்தது. 1997-இல் நார்வே மன்னரும், 2024 நவம்பரில் நாடாளுமன்றமும் பழைய கொள்கைக்காக மன்னிப்புக் கேட்டனர்.

இப்படி மொழி தலையெடுத்த வேளையில் வட்டாரமே ஏன் மறைந்தது? விடை பூகோளத்தில் இருக்கிறது. படகுக் காலத்தில் ஃபியோர்டே நெடுஞ்சாலை. இக்கரையாரும் அக்கரையாரும் ஒரே நீரின் அண்டை வீட்டார். அதனால்தான் நீரைச் சுற்றி வட்டாரம் அமைந்தது. கார்க் காலம் வந்ததும் அதே நீர் தடையாகிவிட்டது. நாட்டின் முதன்மை நெடுஞ்சாலையே போக்னெஸ் என்ற இடத்தில் நீரோரம் நின்றுவிடுகிறது. முன்பு பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குக் கார்கள் ஃபெரியில் சென்றதைப் போல, அங்கே வண்டிகள் ஃபெரி ஏறி அக்கரை சேர்கின்றன. மன்ற அலுவலகம் இருந்த ஷொப்ஸ்விக் கிழக்குக் கரையில், ஆர்ரான் இருக்கும் டிராக் மேற்குக் கரையில். இரண்டுக்கும் இடையே இன்னொரு ஃபெரி. ஷொப்ஸ்விக்கில் சுண்ணாம்புக் கல்லை நம்பி 1918-இல் நிறுவப்பட்ட சிமெண்டு ஆலை. டிராக்கிலோ, சூரிய மின்தகடுக்கும் கணினிச் சில்லுக்கும் வேண்டிய தூய படிகக் கல்லைப் பதப்படுத்தும் ஆலை. வேலையும் கடையும் சாலையும் இரு கரை மக்களை இரு திசையில் இழுத்தன.

சிறிய வட்டாரங்களைச் சேர்த்துப் பெரிதாக்கும் திட்டத்தை நாடாளுமன்றம் 2017-இல் முடிவு செய்தது. 2020 ஜனவரி முதல் நாள் டிஸ்ஃபியோர்டு இரண்டாகப் பிரிந்தது. ஷொப்ஸ்விக்கும் ஸ்டேட்டின்ட் மலையும் நார்விக் வட்டாரத்துக்குப் போயின. டிராக்கும், படகில் மட்டுமே சென்றடையக்கூடிய முஸ்கென் என்ற சாமிக் கிராமமும் ஹாமரோய் வட்டாரத்துக்குப் போயின. சாமி மொழிக்கான பொறுப்பை ஹாமரோய் ஏற்றது. ஹாப்மெர் என்ற லூலே சாமிப் பெயரும் அதற்கு இன்று உண்டு.

பள்ளி மன்றத்தின் கையில் என்று முன்பு சொன்னோம் அல்லவா? ஒரு மொழியைப் பேசும் சில நூறு குடும்பங்கள் ஒரே மன்றத்தின் கீழ் இருந்தால், ஓர் ஆசிரியர், ஒரு வகுப்பு, ஒரு பாடநூல் என்று கேட்டுப் பெறலாம். நடுவே கோடு விழுந்தால், அக்கரையில் தங்கிவிட்ட குடும்பம் தன் பிள்ளைக்காக வேறொரு மன்றத்தில் முதலிலிருந்து கேட்க வேண்டும். பெரிய மொழிக்கு இந்தக் கோடு தெரியவே தெரியாது. சிறிய மொழிக்கோ ஒவ்வொரு பிள்ளையும் கணக்கு.

நேயர்களே, படத்தை மூடி வைக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் எந்த ஆற்றின் கரையில், எந்தச் சாலையின் ஓரத்தில், எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும்.