அடங்கலில் பெயர் இல்லாதவர்கள்

புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம் என்றிருந்த தருமபுரிக்கு 2024 டிசம்பர் 2 காலை அந்த நினைப்பு போயிற்று. புதுச்சேரி அருகே கரையேறி வலுவிழந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் அரூரில் 33 செ.மீ. கொட்டியிருந்தது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2004 வரை இதே மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரையில் 50 செ.மீ.! அங்கே வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டதை நாடே பார்த்தது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டில் நின்ற தண்ணீரை அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் குச்சிக்கிழங்கு ஏறக்குறைய பத்து மாதப் பயிர். வேரில் தண்ணீர் நின்றால் அழுகும். அதற்குள் பிடுங்கிவிட எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளும் லாரியும் தேடுவார்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் விலை பாயிண்ட் கணக்கு. அதாவது மாவுச்சத்தின் அளவு. நீர் குடித்த கிழங்கில் பாயிண்ட் இறங்கும். விவசாயியால் காத்திருக்க முடியாது என்பது தரகருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்னதே விலை. சட்டப்படி இதில் குற்றம் ஏதுமில்லை. பேரிடரில் லாபம் பார்ப்பவரைப் பதுக்கல் கிடங்கில் மட்டும் தேடினால் போதாது.

33 சதவீதத்துக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் மூன்றரை ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. அதை வாங்கவும் அடங்கல் என்ற கிராமச் சாகுபடிப் பதிவேட்டில் பெயர் வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்தவர் விதைக்குச்சிக்கும் உரத்துக்கும் கடன்பட்டிருப்பார். பணமோ பட்டாதாரர் கணக்குக்குப் போகும். நல்ல மனிதராக இருந்தால் பாதி தருவார். கூலிக்குக் கிழங்கு பிடுங்கும் பெண்ணுக்குப் பயிர் நிவாரணத்தில் இடமே இல்லை.

புயலுக்குப் பின் மின்கம்பம் நடுகிறவர்கள் கதையும் இதுதான். 2018-இல் கஜா புயல் காவிரி டெல்டாவைச் சாய்த்தபோது பல மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் போய்ச் சேற்றில் நின்றார்கள். மின்துறையின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகின்றன. புயல் நேரத்துப் பாராட்டுக்கு மட்டும் குறைவில்லை.

ஃபெஞ்சலுக்கு மாநில அரசு உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. டிசம்பர் 6 அன்று மத்திய அரசு விடுவித்தது 944.80 கோடி. அந்த இழுபறி ஒருபுறம் நடக்கட்டும். இந்த நிலத்தை உண்மையில் உழுபவர் யார் என்று கிராம சபையில் கேட்டு எழுதிவைக்கக் கோடிகள் தேவையில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தருமபுரி மாவட்ட நிர்வாகம் அதைச் செய்ய வேண்டும்.