ஓக்காக் கிழங்கு

பெரு, பொலிவியா நாடுகளின் அந்தீசு மலைச்சாரல்களில், 3,000 முதல் 4,000 மீற்றர் வரையான உயரத்திலே, கமக்காரர் உருளைக்கிழங்குடன் ஓக்காவையும் வீட்டுணவுக்காகப் பயிரிடுகின்றனர். வயல் வரம்புகளிற் காணப்படும் புளியாரைக்கு இது இனமான செடி. இலையும் அவ்வாறே மூன்றாகப் பிரிந்திருக்கும்.

முழுக் கிழங்கையே விதையாக நடுவர். பகற்பொழுது குறுகிய பின்னரே கிழங்கு திரளுமாதலால், அவசரப்பட்டுத் தோண்டுதல் கூடாது.

தோண்டிய கிழங்கு புளிக்கும். சில நாட்கள் வெயிலிற் பரப்பினாற் புளிப்புக் குறைந்து இனிப்பு மிகும். பின்னர் அவித்தோ சுட்டோ உண்பர். புளிப்பு மிக்க வகைகளை நீரில் ஊறவைத்து, இரவுப் பனியிலும் பகல் வெயிலிலும் உலர்த்தி, விளைவற்ற மாதங்களுக்குச் சேமிப்பர்.

உண்பதற்கு முன்னர் நோயற்ற கிழங்குகளை விதைக்கென ஒதுக்குதல் முதற்கடன். அன்றேல் அடுத்த பருவத்தில் நடுவதற்கு எதுவும் எஞ்சாது.