நிந்தை மருந்தாகுமா?

பருத்த சரீரம் உடையவரை நாலு பேர் நடுவே கடிந்து பேசினால், அந்த வெட்கத்தினாலாவது அவர் உணவைக் குறைத்து உடம்பை இளைக்கச் செய்வார் என்னும் நம்பிக்கை, உற்றாரிடத்து மட்டுமன்றி வைத்தியரிடத்தும் ஆழ வேரூன்றியிருக்கிறது.

இங்கிலாந்தில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 2,944 பேரை நான்காண்டுகள் கவனித்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர்மாறானது. கடையிலே மரியாதைக் குறைவு, ஆஸ்பத்திரியிலே அலட்சியம், அறிவற்றவரைப் போல் நடத்தப்படுதல் முதலியவற்றைத் தம் எடையின் காரணமாக அனுபவித்ததாகச் சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ கூடியிருக்க, அவ்வாறு சொல்லாதவர்கள் 0.71 கிலோ இளைத்திருந்தார்கள்; ஆரம்ப எடையின் பேதத்தைக் கழித்துப் பார்த்தபோதும் இந்த வித்தியாசம் நிலைத்தது. இந்த ஒரு கணக்கைக் கொண்டே அவமதிப்பைக் காரணமென்று தீர்மானிப்பது நியாயமன்று. ஆயினும், 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், பருத்தவர்களைப் பரிகசிக்கும் காட்சிகளைக் கண்ட பருமனான பெண்கள், சாதாரணக் காட்சிகளைக் கண்ட பருமனான பெண்களைவிட மும்மடங்குக்கு மேல் கலோரி உட்கொண்டார்கள் என்பதைச் சேர்த்து நோக்கினால், சந்தேகம் பெரிதும் விலகுகிறது. மனம் நொந்தபோது அதிகமாகச் சுரக்கும் கார்ட்டிஸால் என்னும் ஹார்மோன் பசியைத் தூண்டுவதோடு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் தங்கவும் ஏதுவாகிறது.

என்னை மிகவும் வருத்துவது சிகிச்சை அறையில் நிகழ்வதே. முழங்கால் வலி என்று வந்த பெண்ணை, காலைத் தொட்டும் பாராமல், "முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டால், அவள் அடுத்த முறை வலி பொறுக்க முடியாமற் போகும் வரை வைத்தியரை நாடுவதில்லை. அதற்குள் வேறொரு வியாதி முற்றியிருக்கவும் கூடும். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை புஜத்துக்குச் சிறிதாயிருந்தால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் என்பதால், அவளுக்கு உரிய பட்டை வைத்திராத அலட்சியம் இல்லாத நோயையும் அவள்மேல் ஏற்றிவிடுகிறது. நாளடைவில் பிறர் சொன்ன இழிசொல்லை அவளே தன்னைப் பற்றிய உண்மையென ஏற்று, நடைப்பயிற்சிக்கு வெளியே வரவும் கூசிச் சிகிச்சையையே கைவிடுகிறாள்.

இத்தனை நிந்தைக்கும் அடிப்படை, பருமன் மனவுறுதியின்மையின் பலன் என்னும் கருத்து. டென்மார்க்கில் சுவீகாரம் போன 540 பேரை ஆராய்ந்து ஸ்டங்கார்டு என்னும் ஆராய்ச்சியாளர் 1986-இல் கண்டதோ, அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்ததேயன்றி வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை என்பது. 2020-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி வெளியிட்ட அறிக்கையும் இக்கருத்தை மறுத்து, பருமன் உள்ளவர்களை மரியாதையுடன் நடத்தும் முறையை வைத்தியக் கல்வியிலேயே புகட்ட வேண்டும் என்று கோரியிருக்கிறது.