எண்ணெய்க் கம்பனி அரசினுடையது, அரசு யாருடையது?

சென்ற மாரிகாலத்தில் ஒஸ்லோவில் ஒரு நண்பரின் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு வழமைபோல் நாட்டு நிலைமைக்குத் திரும்பி, 2022இல் இலங்கையில் சனங்கள் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற விடயத்துக்கு வந்தது. "கூட்டுத்தாபனத்தை அப்பவே வித்திருந்தால் இந்தக் கோலம் வந்திராது. அரசாங்கம் யாவாரம் செய்தால் களவுதான் மிஞ்சும்" என்றார் ஒருவர். முன்னர் இடதுசாரிக் கட்சியொன்றில் முழுநேரமாக வேலைசெய்த இன்னொரு நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீர் இருக்கிற இந்த நாடு என்னத்தில ஓடுது? அரசாங்கத்தின்ர எண்ணெய்க் கம்பனியிலதானே?" என்று கேட்டார்.

நள்ளிரவு தாண்டியும் விவாதம் முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் எனக்குத் தோன்றியது இதுதான்: இருவரும் எதிரெதிராகப் பேசினாலும் ஒரே தவறையே செய்தார்கள். கம்பனி யாருடைய சொத்து என்று தீர்மானித்துவிட்டால் கேள்வி முடிந்துவிடும் என இருவருமே நம்பினார்கள். நோர்வேயின் அனுபவம் காட்டுவதோ, அந்த இடத்தில்தான் கேள்வி தொடங்குகிறது என்பதை. அதனை என்னால் இயன்ற அளவு விளக்க முயல்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். ஒரு பீப்பாய் எண்ணெயைக் கடலடியிலிருந்து எடுக்க, முதலீட்டுக்கான நியாயமான இலாபத்தையும் சேர்த்து, 30 டொலர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் அது 70 டொலருக்கு விலைபோகிறது. இடையிலுள்ள 40 டொலரை எந்தக் கம்பனியின் திறமையும் உருவாக்கவில்லை. இயற்கை தந்தது அது. பொருளியல் பாடத்தில் ரிக்காடோவின் பெயரோடு நாங்கள் படித்த 'வாரம்' இதுவே. எங்கள் ஊர்களில் வயலை வாரத்துக்கு விடும்போதும் கேள்வி இதுதான்: விளைந்ததில் செய்தவருக்கு எவ்வளவு, நிலத்துக்காரருக்கு எவ்வளவு? எண்ணெயில் நிலத்துக்காரர் நாடு, செய்பவர் கம்பனி. ஆனால் நெல்லைப்போல் எண்ணெயைக் களத்தில் குவித்து எல்லோர் முன்னிலையிலும் அளக்க முடியாது. எவ்வளவு எடுக்கப்பட்டது, என்ன செலவானது, யாருக்கு என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பதெல்லாம் கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத நிலத்துக்காரர் ஏமாறுவார்.

1962இல் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெற்றோலியம் நோர்வே அரசிடம் ஒரு விண்ணப்பத்துடன் வந்தது. மாதம் 1,60,000 டொலர் தருவதாகவும், வடகடலின் நோர்வேப் பகுதியில் எண்ணெய் தேடும் உரிமையைத் தனக்கே தரவேண்டும் எனவும் அது கேட்டது. அரசு சம்மதிக்கவில்லை. 1963 மே மாதத்தில் கண்டமேடையின் மீது தனது இறைமையைப் பிரகடனம் செய்தது. 1965இல் பிரித்தானியாவுடனும் டென்மார்க்குடனும் கடல் எல்லையை வகுத்துக்கொண்டு, பரப்பைத் துண்டுதுண்டாகப் பிரித்துப் பல கம்பனிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியது. இந்த எச்சரிக்கை திடீரென வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டு முதலாளிகள் நோர்வேயின் நீர்வீழ்ச்சிகளை வாங்கத் தொடங்கியபோதே, குறித்த காலத்தின் பின் அவை நட்டஈடின்றி அரசைச் சேரவேண்டும் எனச் சட்டம் இயற்றிய நாடு இது.

1969இன் இறுதியில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது கைத்தொழில் அமைச்சில் எண்ணெய் பற்றித் தெரிந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே. அவர்களில் ஒருவர் பாறூக் அல்-காசிம் என்ற ஈராக்கியப் புவியியலாளர். நோர்வேஜிய மனைவியுடனும் மருத்துவ உதவி தேவைப்பட்ட மகனுடனும் 1968இல் இங்கு குடிவந்தவர். வேலை தேடி அமைச்சின் கதவைத் தட்டியவரிடம், வடகடலில் துளையிட்டுப் பெற்ற தரவுகளை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. தனது நாட்டின் எண்ணெயை வெளிநாட்டுக் கம்பனியொன்று ஆள்வதை உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். நோர்வேயின் எண்ணெய் நிர்வாக அமைப்பை வரைந்தவர்களில் அவரும் ஒருவர். வெளிநாட்டவர் இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று.

அந்த அமைப்பின் சாரம் மிக எளிமையானது: ஒரு வேலையை மூன்று கைகளில் பிரித்துக் கொடுத்தல். கொள்கையும் அனுமதிப்பத்திரமும் அமைச்சின் கையில். வளத்தை அளப்பதும் கம்பனிகளைக் கண்காணிப்பதும் எண்ணெய் இயக்குநரகத்தின் கையில். வியாபாரம் மட்டும் ஸ்ராட்ஒயில் என்ற அரச கம்பனியின் கையில். 1972 யூன் 14இல் பாராளுமன்றம் இதனை ஏகமனதாக நிறைவேற்றியது. அரசின் கம்பனியும் வெளிநாட்டுக் கம்பனிகளைப்போலவே இயக்குநரகத்தின் முன் கணக்குக் காட்டவேண்டும்.

இனி, இந்தக் கம்பனி நாட்டுக்கு என்ன சேர்த்தது என்று பார்ப்போம்.

முதலாவது, அறிவு. 1973 முதல் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களில் ஸ்ராட்ஒயிலுக்குக் குறைந்தது 50 வீதப் பங்கு ஒதுக்கப்பட்டது. தேடுதற் செலவில் அதன் பங்கையும் வெளிநாட்டுப் பங்காளிகளே சுமந்தார்கள். எண்ணெய் அகப்படாவிட்டால் நட்டம் அவர்களுக்கு. அகப்பட்டால் பாதி நோர்வேக்கு. ஆனால் பாதிப் பங்கைவிடப் பெறுமதியானது, தீர்மானம் எடுக்கும் மேசையில் கிடைத்த கதிரை. உண்மையில் என்ன செலவாகிறது, எங்கே செலவு ஊதிக்காட்டப்படுகிறது என்பதை அங்கிருந்துதான் கற்கமுடிந்தது. 1974இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ராட்ஃபியோர்ட் வயலை முதலில் இயக்கியது மோபில் கம்பனி. 1987இல் அதனை இயக்கும் பொறுப்பு ஸ்ராட்ஒயிலிடம் வந்தது. பயிலுநர் பொறுப்பாளராவதற்குப் பதினான்கு ஆண்டுகள் எடுத்தன.

இரண்டாவது, சுற்றியுள்ள தொழில். கப்பல் கட்டும் துறைகள், பொறியியல் நிறுவனங்கள், பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் எல்லாம் இதனோடு வளர்ந்தன. வெளிநாட்டுக் கம்பனிகள் ஆராய்ச்சியை நோர்வேயில் செய்தால், அது அடுத்த அனுமதிப்பத்திரத்துக்கான தகுதியாகக் கணிக்கப்பட்டது.

மூன்றாவது, பணம். இங்கேதான் பலருக்கும் தெரியாத விடயம் இருக்கிறது. இன்று நோர்வே அரசுக்கு எண்ணெயிலிருந்து முக்கியமாக மூன்று வழிகளில் வருமானம் வருகிறது. ஒன்று, எல்லா எண்ணெய்க் கம்பனிகளும் இலாபத்தில் கட்டும் வரி; சாதாரண வரியும் சிறப்பு வரியும் சேர்ந்து 78 வீதம். இரண்டு, வயல்களில் அரசுக்கு நேரடியாக உள்ள பங்கு. மூன்று, ஸ்ராட்ஒயில் கொடுக்கும் பங்கிலாபம். இக்கம்பனி 2018 முதல் எக்குவினோர் எனப் பெயர் மாற்றப்பட்டுள்ளது. அதில் அரசின் பங்கு 67 வீதம். இம்மூன்றிலும் மிகச் சிறியது பங்கிலாபம்தான். ஆக, "இந்த நாடு அரசாங்கக் கம்பனியில் ஓடுகிறது" என்ற எனது நண்பரின் கூற்று அப்படியே சரியல்ல. வரி வாங்கத் தெரிந்த அரசினால் ஓடுகிறது என்பதே பொருத்தம். ஒரு கம்பனி தனது எண்ணெயைத் தனது கிளைக்கே மலிவாக விற்று இலாபத்தை வேறு நாட்டுக்குக் கடத்தலாம் என்பதை உணர்ந்து, 1975இலேயே வரிக்கான விலையைக் கம்பனி அல்ல, அரசு நியமித்த சபையே தீர்மானிக்கும் என்று சட்டம் வந்தது.

நான்காவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ராட்ஒயில் அரசுக்குள் இன்னொரு அரசாக வளர்கிறது என்ற பயம் எழுந்தது. ஸ்ராட்ஃபியோர்ட்டின் வருமானம் முழுக்க அதன் கையில் சேர்ந்தால், பாராளுமன்றத்தைவிடக் கம்பனி பலமானதாகிவிடும். எனவே 1985 யனவரி முதல் அதன் பங்குகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பகுதியின் வருமானம் கம்பனியைத் தொடாமல் நேரே திறைசேரிக்குப் போகும்படி செய்யப்பட்டது. வலதுசாரி அரசாங்கமும் எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் பேசி எடுத்த முடிவு இது. பயம் வீணானதல்ல என்பது 1987இல் தெரிந்தது. மொங்ஸ்ராட் சுத்திகரிப்பு ஆலையின் விரிவாக்கச் செலவு ஏறத்தாழ 600 கோடி குரோனரால் எகிறியது. இயக்குநர் சபை மாற்றப்பட்டது. தொடக்கத்திலிருந்து கம்பனியை நடத்திய ஆர்வ யோன்சன் பதவி விலகினார். 600 கோடிக்கு 'ஒரு மொங்' என்று நோர்வேஜியர்கள் பகிடியாக ஓர் அளவையே உண்டாக்கினார்கள்.

சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்பதற்கு 1990இல் நிதியச் சட்டம் வந்தது. முதற் பணம் 1996இல் வைப்பிலிடப்பட்டது. நிதியம் முழுவதும் வெளிநாடுகளில் முதலிடப்படுகிறது. உள்நாட்டுக்கு வருவது, எதிர்பார்க்கப்படும் வருவாயான 3 வீத அளவை ஒட்டியே. 2024இன் முடிவில் அது ஏறத்தாழ 19.7 இலட்சம் கோடி குரோனராக இருந்தது. இதில் பாதிக்கு மேல் எண்ணெய்ப் பணமல்ல, முதலீடு ஈட்டிய பணம்.

இதற்கு மறுபக்கமாக வெனிசுவேலாவைப் பார்க்கலாம். அங்கு 1976இல் எண்ணெய் தேசியமயமாக்கப்பட்டது. தொண்ணூறுகளில் அரச கம்பனியான பெதெவேசா நாளொன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தது. திறமையான கம்பனி, ஆனால் தனது கணக்கை அரசே அறியாதபடி மூடிவைக்கப் பழகியிருந்தது. 2002-03 வேலைநிறுத்தத்தின் பின் சுமார் 18,000 பேர் நீக்கப்பட்டார்கள். அதன்பின் கம்பனியின் பணப்பெட்டி ஆட்சியிலிருந்தவர்களின் பணப்பெட்டியானது. ஏழைகளுக்கு அதனால் நன்மை கிடைத்த ஆண்டுகளும் இருந்தன; அதை மறைப்பது நேர்மையல்ல. ஆனால் கிணறுகளைப் பராமரிக்கப் பணமும் அனுபவசாலிகளும் இல்லாமற் போயினர். 2019இல் அமெரிக்கத் தடையும் சேர்ந்தது. 2020இல் உற்பத்தி 10 இலட்சம் பீப்பாய்க்கும் கீழே விழுந்தது. முதலில் கம்பனி அரசை விழுங்கப் பார்த்தது, பிறகு அரசு கம்பனியை விழுங்கியது. இரண்டும் ஒரே நோயின் இரு கட்டங்கள்.

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வேறு சாதி. 1961இல் அது தொடங்கப்பட்டு, மேற்கத்தையக் கம்பனிகளின் சொத்துகள் எடுக்கப்பட்டபோது, நட்டஈட்டுப் பிரச்சினையைக் காரணங்காட்டி 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்தத் துணிவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் எங்களிடம் எண்ணெய்க் கிணறு இல்லை; எனவே வாரமும் இல்லை. வாங்கி விற்கும் கூட்டுத்தாபனத்தை ஸ்ராட்ஒயிலோடு ஒப்பிட்டு ஒருவர் திட்டுவதும் மற்றவர் புகழ்வதும் பொருத்தமற்றவை. அதன் வருத்தம் வேறு: விலையைத் தேர்தலும் அமைச்சரும் தீர்மானிக்க, நட்டத்தை அரச வங்கிகள் சுமந்தன.

நோர்வேயைச் சொர்க்கமாகக் காட்டுவது எனது நோக்கமல்ல. 1980 மார்ச்சில் அலெக்சாண்டர் கீலாண்ட் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். கடலடியில் வேலைசெய்து உடல் நலிந்த சுழியோடிகள் நீதிக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. 2013இல்தான் தீர்ப்பு வந்தது. 2003இல் ஈரானில் இலஞ்சம் கொடுத்த விவகாரத்தில் ஸ்ராட்ஒயிலின் தலைவரும் நிறைவேற்று அதிகாரியும் பதவி இழந்தார்கள். அமெரிக்காவில் அக்கம்பனி இழந்தது 2,000 கோடி டொலருக்கும் மேல். சொந்த நாட்டில் மக்கள் சொத்தாக இருக்கும் கம்பனி, அங்கோலாவில் இன்னொரு பல்தேசியக் கம்பனி மட்டுமே. இங்கிருந்து போகும் எண்ணெய் எரிந்து வரும் வெப்பத்தை, இந்த நிதியத்தில் ஒரு சதமும் பங்கில்லாத மக்கள் அனுபவிக்கிறார்கள். ஆனால் மேற்சொன்னவற்றை நான் அறிந்தது இரகசியமாக அல்ல. பத்திரிகைகளிலிருந்தும் பொது அறிக்கைகளிலிருந்தும்.

எண்பதுகளின் கடைசியில் வந்த பலரைப்போல நானும் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில்தான் இந்த நாட்டைப் படிக்கத் தொடங்கினேன். அங்கே என்னோடு மீன் வெட்டிய வயதான தொழிலாளி ஒருவர், இடைவேளைகளில் பத்திரிகையை விரித்துவைத்து எண்ணெய் அமைச்சரைத் திட்டுவார். தனது காணியைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனர் கணக்குக் காட்டவில்லை என்பதுபோல் இருக்கும் அந்தத் திட்டு. அவர் பெரிய படிப்புப் படித்தவரல்ல. ஆனால் திட்டியதற்காக அவர் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அரசு என்றாலே பயந்து பழகிய எனக்கு அது விளங்கச் சில ஆண்டுகள் எடுத்தன.

2011இல் மன்னார்க் கடற்படுகையில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டபோது, "அது எங்கட கடல்" என்று எம்மவர் பலர் சொன்னார்கள். சொல்லவேண்டியதுதான், கரையில் வாழ்பவருக்குப் பங்கில்லாத உரிமை உரிமையல்ல. ஆனால் அந்த வாக்கியத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். நாளை எமக்கு ஓர் அதிகாரம் கிடைத்து, அந்த வாயுவும் எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அளப்பவர் யார், விற்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார்? எமது அரசியலில் பணம் சேர்த்தவரும் செலவழித்தவரும் கணக்குப் பார்த்தவரும் ஒருவராகவே இருந்தார்கள். கேள்வி கேட்டவருக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதை இதனை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அரச கம்பனி ஒரு கருவி. அது நாட்டுக்குச் செல்வம் சேர்ப்பது, தான் பெற்ற பிள்ளையையே நம்பாமல் கணக்குக் கேட்கும் ஒரு சமூகம் அதைச் சுற்றி இருக்கும்போதுதான். நண்பர்கள் இருவரும் இதனை மறுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். மறுப்பை இந்தப் பக்கங்களிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.