லயத்து வாசலில் ஒரு விதைப் பாத்தி



சித்திரையில் நுவரெலியாவுக்கு வருவோர் அந்நகரின் மலர்களைக் கண்டு வியந்து செல்வர். அம்மலர்களைப் பேணும் கைகளுட் பல நம் தோட்டப்புற மக்களின் கைகளே. ஆயினும் அவர்தம் லயத்து வாசலில் ஒரு பூச்செடியேனும் இல்லாதிருத்தலை நான் பன்முறை கண்டிருக்கிறேன். காரணம் வினவினால், "இந்த இடம் நமக்குச் சொந்தமா, ஐயா?" என்று கேட்பர்.

அக்கேள்வி நியாயமானது. அண்மை ஆண்டுகளில் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு பெற்றோர் சிலரே. லயத்தில் வாழ்வோர் இன்னும் பலர். காணியுரிமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஏறக்குறைய நாற்பது நாளில் பயன்தரும் முள்ளங்கி உறுதிப்பத்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை அன்றோ? ஆகவே, வாசலிலுள்ள சிறு நிலத்தில் விதையிடும் முறையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, காலம். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று நம் நூல்கள் வகுக்கும். நமது மலைக்கு அக்கணக்கு முற்றும் பொருந்தாது. தையிலும் மாசியிலும் நுவரெலியாப் பக்கத்தில் இரவில் உறைபனி விழுவதுண்டு. இளநாற்று அதிற் கருகிவிடும். வைகாசியிலோ தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கங்களில் அது பாத்தியையே அரித்துச் செல்லும். பகலில் வெயிலும் பிற்பகலில் இடிமழையும் கலந்துவரும் பங்குனியும் சித்திரையுமே நமக்கு வாய்த்த இளவேனில். பங்குனி பிறந்ததும் விதைத்தால் மழை வலுக்குமுன் முள்ளங்கியும் போஞ்சியும் கைக்கு வரும். கரட் வேரூன்றி நிற்கும்.

இரண்டாவது, மண். தேயிலை அமிலத்தன்மை மிகுந்த மண்ணை விரும்பும் செடி. கரட், பீட்ரூட், போஞ்சி, கோவா ஆகியன அம்மண்ணில் நலிவுறும். எனவே விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே, சதுர மீற்றருக்கு இரண்டு கைப்பிடி டொலமைட் தூவி மண்ணைக் கிளறிவிடுதல் வேண்டும். பின்னர் மக்கிய சாணத்தைச் சேர்த்திடுக. 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை அமைத்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரும், எருவின்றி இம்மலைமண் விளைவு தராது என்பதைப் பட்டே அறிந்தார். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்து, மேற்புறத்தில் சிறு கான் வெட்டிவிட்டால் மண் கரையாது.

மூன்றாவது, விதைக்கும் ஆழம். இதிலேதான் நான் தவறினேன். ஆசிரியப் பணியிற் புகுந்த புதிதில், ஆழ விதைத்தால் உறுதியாக வேர்விடும் என்றெண்ணி, மாணவரைக்கொண்டு கரட் விதையை ஒரு விரல் ஆழத்தில் இட்டேன். மூன்று வாரம் கழிந்தும் ஒன்றும் முளைக்கவில்லை. விதை கெட்டது என்று பிள்ளைகளிடம் கூறினேன். குற்றம் என்னுடையதே. சிறுவிதை தன்னுள் வைத்திருக்கும் உணவு மிகச் சிறிது. முளை வெளிச்சத்தை அடையுமுன் அது தீர்ந்துவிடுகிறது. விதையின் பருமனைப்போல் இருமடங்கு, மும்மடங்கு ஆழமே போதுமானது. போஞ்சிக்கு ஓர் அங்குலம்; கரட்டுக்கு மேலே தூவிய மெல்லிய மண் போதும்.

கரட் முளைக்க இரு வாரமும் ஆகலாம். அதுவரை மண் காயாதிருக்க ஈரச் சாக்கால் மூடி, முளை தோன்றியவுடன் அகற்றிவிடுதல் வேண்டும். கரட் வரிசையில் இடையிடையே முள்ளங்கி விதையிட்டால், சில நாட்களில் அது முளைத்து வரிசையைக் காட்டும். கரட்டையும் முள்ளங்கியையும் பிடுங்கி நடலாகாது, வேர் கோணும். நெருக்கமானவற்றைக் களைந்துவிடுதலே முறை.

பாத்தியின் ஓரத்தில் செவ்வந்தியும் கொஸ்மோஸும் தூவலாம். கொஸ்மோஸுக்கு எரு மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும். செவ்வந்தியோ தோட்டத்துக் கோயிலுக்கு மாலையாகும்.

இறுதியாக, விதை காத்தல். கரட்டும் கோவாவும் ஈராண்டுச் செடிகள். அவற்றின் விதையைக் கடையில் வாங்கவே வேண்டும். போஞ்சியும் செவ்வந்தியும் அப்படியல்ல. செடியிலேயே காய்ந்த நெற்றையும், வாடி உலர்ந்த பூவையும் எடுத்து, ஈரமில்லாப் போத்தலில் மூடிவைத்தால் அடுத்த பங்குனிக்கு உதவும்.

இது சிறு செயலன்று. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, காலை உணவின்றிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நான் கண்டேன். அந்நாளிலும் சிலருடைய சாப்பாட்டுப் பெட்டியில் போஞ்சிக் கறி இருந்தது. விசாரித்தபோது, அவர்கள் முந்திய ஆண்டு நெற்றைப் போத்தலில் காத்துவைத்த வீட்டுப் பிள்ளைகள் என்று அறிந்தேன்.

நிலம் யாருடையது என்ற வழக்கு ஒருநாள் தீரட்டும். அதுவரை, அந்தப் போத்தலிலுள்ள விதையேனும் நம்முடையதாக இருக்கட்டும்.