அறுவடைக்காரனின் மேலாடை

1960-ல் மத்தியதரைக் கடற்கரையோரம், பழைய யவ்னே-யாம் துறைமுகத்துக்குச் சற்றுத் தெற்கே, ஒரு சிறு கோட்டையின் இடிபாடுகளை யோசேஃப் நாவே என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். அங்கே மையால் எழுதிய பானை ஓடு ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. காலம் கி.மு. 7-ம் நூற்றாண்டின் பிற்பகுதி. எருசலேமில் யோசியா அரசாண்ட நாட்கள் என்பது பரவலான கணிப்பு. ஓட்டில் இருப்பது ஒரு மனு. மனுதாரன் அறுவடை வேலைக்காரன். அவன் பெயர்கூட அதில் இல்லை. வழக்கம்போல அறுத்து, அளந்து, களஞ்சியத்தில் சேர்த்து முடித்த பிறகு, சோபாயின் மகன் ஒசாயா வந்து தன் மேலாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அவன் சொல்கிறான். கொளுத்தும் வெயிலில் தன்னோடு அறுத்தவர்கள் அத்தனை பேரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். ஆடையைத் திருப்பித் தரச் செய்யும்படி கோட்டை அதிகாரியிடம் மன்றாடுகிறான். தாவீதின் போர்களையும் சாலொமோனின் ஆலயத்தையும் வைத்தே நாம் வேதாகமக் காலத்தைக் கற்பனை செய்து பழகியிருக்கிறோம். ஆனால் அந்தக் காலத்துச் சாமானியனின் நாட்களைப் போரையும் பலியையும்விட அதிகமாகத் தீர்மானித்தவை கடனும் அடகும்தான் என்பதற்கு இந்த ஓடு நல்ல தொடக்கச் சான்று.

ஓர் ஆடைக்காக அதிகாரி வரை போவார்களா என்று தோன்றலாம். யூதேய மலைநாட்டுக் குடியானவனின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். கல் அடித்தளத்தின் மேல் மண்கல் சுவர், தூண்களால் பிரித்த கீழ்த்தளத்தில் ஆடுமாடுகளும் தானியச் சாடிகளும். இத்தகைய வீடுகளில் திரும்பத் திரும்பக் கிடைப்பவை சமையல் பானை, எண்ணெய் விளக்கு, தறியில் கட்டும் களிமண் குண்டு, அரைக்கும் கல். சொத்து என்று பறிக்க அதற்குமேல் அதிகமில்லை. மேலாடையோ, ஆட்டு ரோமத்தைக் கத்தரித்து, கழுவி, சிக்கெடுத்து, நூற்று, நிமிர்ந்த தறியில் பாவுநூல்களுக்குக் குண்டு தொங்கவிட்டு நெய்தது. வீட்டுப் பெண்களின் பல வார உழைப்பு அதில் இருக்கும். பகலில் உடுத்தியதையே இரவில் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். அதனால்தான் யாத்திராகமம் 22-ம் அதிகாரம், அடகாக வாங்கிய ஆடையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று விதிக்கிறது. உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேலே போய், திரிகைக் கல்லை அடகு வாங்கவே கூடாது என்கிறது.

இந்தத் திரிகை விதி சற்று நின்று பார்க்க வேண்டியது. நம் பாட்டிமார் சுற்றிய திரிகையைப் போன்ற சுழலும் கல் அந்த நாட்டில் பரவியது மிகவும் பிற்காலத்தில். மன்னர் காலத்துப் பெண் நீண்டு குழிந்த அடிக்கல்லின் முன் மண்டியிட்டு, மேற்கல்லை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளித்தான் அரைத்தாள். ஒரு குடும்பத்தின் அன்றாட ரொட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அரைக்க வேண்டியிருந்திருக்கும் என்பது கேரல் மேயர்ஸ் போன்ற ஆய்வாளர்களின் கணக்கு. அடிக்கல்லை நகர்த்துவது சிரமம். மேற்கல்லை ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு பெண் கோபுரத்தின் மேலிருந்து அபிமெலேக்கின் தலையில் போட்டது இந்த மேற்கல்லைத்தான். கடன் கொடுத்தவனுக்கு அந்தக் கல்லால் என்ன பயன்? விற்றாலும் பெரிதாகத் தேறாது. ஆனால் அது இல்லாத வீட்டில் சாடி நிறையக் கோதுமை இருந்தாலும் மறுநாள் ரொட்டி கிடையாது. ஆடையின் கதையும் இதுதான். இந்த அடகுகள் கடன் தொகைக்கு ஈடாக வாங்கப்பட்டவை அல்ல, கடனாளியின் கழுத்தில் பிடிக்க வாங்கப்பட்டவை. விதிகள் எந்தெந்தப் பொருளைக் காக்கின்றன என்று பார்த்தால், எங்கே பிடித்தால் வலிக்கும் என்று கடன் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பது புரியும்.

கடன் ஏன் வந்தது என்பதை அதிகம் தேட வேண்டியதில்லை. எருசலேமில் ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழை, அதுவும் ஏறக்குறைய முழுவதும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில். தெற்கே பெயெர்செபாவில் சுமார் 200 மில்லிமீட்டர்தான். 1908-ல் கேசேரில் கிடைத்த சுண்ணாம்புக்கல் பலகை ஆண்டையே விதைப்பு, பின்விதைப்பு, வாற்கோதுமை அறுப்பு, திராட்சைப் பராமரிப்பு என்று வேலைகளாகப் பிரித்து எழுதுகிறது. முன்மழை தவறினால் இந்த வரிசை முழுவதும் சரியும். போன ஆண்டுத் தானியம் தீர்ந்து புதுக் கதிர் முற்றாத வாரங்களில் விதைநெல்லைப் போலக் காத்து வைத்த விதைக்கோதுமையிலும் கை வைக்க நேரும். மேலே அரசனின் பங்கு வேறு. அரசனுக்குரியது என்று முத்திரை குத்திய சாடிக் கைப்பிடிகள் யூதாவில் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நெகேமியா 5-ம் அதிகாரத்தில் ஜனங்கள் கூக்குரலிடுவதும் இதற்காகத்தான்: ராஜாவின் தீர்வைக்காக வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் அடகு வைத்தோம், பிள்ளைகளையே அடிமைகளாக்க நேர்ந்தது என்பது அவர்கள் குறை.

சட்டப் புத்தகத்தை வைத்து வாழ்க்கையை எழுத முடியுமா என்று வரலாற்றாசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. விதி இருப்பதாலேயே அது நடைமுறையில் இருந்தது என்று ஆகாது. வட்டி வாங்கக் கூடாது என்ற விதியே இதற்கு உதாரணம். எகிப்தின் எலெஃபன்டைன் தீவில் இருந்த யூதக் குடியிருப்பில் கி.மு. 456-ல் எழுதிய கடன் பத்திரம் ஒன்றில், ஒரு பெண் 4 சேக்கல் வெள்ளி வாங்குகிறாள். வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து. தவறினால் வீடு, உலோகம், தானியம் என்று கண்ணில் பட்ட எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறது. கொடுத்தவரும் யூதர், வாங்கியவரும் யூதர். ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது. நான் விதிகளைப் படிப்பது மக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று அறிய அல்ல. நடக்காத ஒன்றை யாரும் மெனக்கெட்டுத் தடை செய்வதில்லை. கி.மு. 8-ம் நூற்றாண்டில் தீர்க்கதரிசி ஆமோஸ், அடகு வாங்கிய ஆடைகளின் மேல் பலிபீடத்தருகே படுத்துக்கிடப்பவர்களைச் சாடுகிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துக் கடற்கரைக் கோட்டையில் அதே வழக்கு வருகிறது. சட்டம், தீர்க்கதரிசனம், மனு என மூன்றும் வெவ்வேறு நோக்கத்தில் எழுதப்பட்டவை; மூன்றிலும் ஒரே பொருள் வருவது தற்செயலாக இருக்காது.

அந்த ஓட்டைப் பற்றியே வேறு சந்தேகங்களும் உண்டு. அறுவடைக்காரனுக்கு எழுதத் தெரிந்திருக்குமா, இது எழுத்தரின் குரல்தானே என்பார்கள். இருக்கலாம். ஆனால் அரசு அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரின் கையெழுத்தில் இருந்தாலும் குறை மனுதாரனுடையதுதான். ஆடை போனதை அவன் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுத்தர் சீர்படுத்தவில்லை. கோபத்தில் பேசியது அப்படியே பதிந்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஆடை கடனுக்காகப் பிடுங்கப்பட்டதா, அளவு குறைந்ததற்காகவா என்று மனு சொல்லவில்லை; ‘நான் குற்றமற்றவன்’ என்ற தொனி இரண்டாவதற்கே பொருந்தும். எதுவாயினும் நெருக்குதல் ஒரே இடத்தில்தான். இன்னும் முக்கியமானது, அவன் மோசேயின் விதியைச் சுட்டவே இல்லை. உடன் வேலை செய்தவர்களின் சாட்சியத்தையும் அதிகாரியின் இரக்கத்தையுமே நம்புகிறான். சுருளில் இருந்த பாதுகாப்பு வயலுக்கு எட்டவில்லை, அல்லது எட்டியும் வாதாடப் போதவில்லை.

எல்லாரையும் கடனாளியாகக் காட்டுவது மிகை என்று ஒருவர் சொன்னால் பாதி ஒப்புக்கொள்வேன். விழா நாட்கள் இருந்தன, அத்திப்பழமும் புதுத் திராட்சை ரசமும் இருந்தன. தெல் ரெகோவில் 2007-ல் அமிஹாய் மஸார் குழு கண்டெடுத்த, சுமார் 3,000 ஆண்டுப் பழமையான களிமண் தேன்கூடுகளைப் பார்த்தால், தேன் ஓடும் தேசம் என்பது வெறும் கவி வாக்கல்ல என்று தெரியும். ஆனால் அது நகரத்துக்குள் வரிசை வரிசையாக அடுக்கிய பெரும் பண்ணை. குடியானவனின் கொல்லைப்புறம் இல்லை. ஏற்றத்தாழ்வு எப்படி வளர்ந்தது என்பதற்குத் திர்சாவில் அகழ்ந்த ரோலாண்ட் டி வோ சொன்னது எனக்கு அதிகம் உதவுகிறது: கி.மு. 10-ம் நூற்றாண்டு வீடுகள் ஏறக்குறைய ஒரே அளவு. 8-ம் நூற்றாண்டில் பெரிய வீடுகள் ஒரு பக்கம், நெருக்கியடித்த சிறு வீடுகள் இன்னொரு பக்கம். ஆமோஸ் பேசிய நூற்றாண்டும் அதுதான்.

இயேசுவின் காலத்துக்கு வந்தாலும் ஆடை வழக்கு ஓயவில்லை. உள்ளாடையைக் கேட்டு வழக்காடுகிறவனுக்கு மேலாடையையும் விட்டுக்கொடு என்று மத்தேயு 5-ல் வருவதைப் பொறுமைக்கான பாடம் என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். கலிலேயாவில் அதைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்திருப்பது கடன்கார வழக்குதான். இரவு தாண்டி வைத்திருக்கக் கூடாது என்று விதியே சொன்ன ஆடை அது. ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடியாகும் என்ற விதியால் அந்த ஆண்டு நெருங்கும்போது கடனே கிடைக்காமல் போயிற்று. அதைச் சரிக்கட்ட, கடனை நீதிமன்றத்தின் பெயருக்கு மாற்றும் ஏற்பாட்டை யூத அறிஞர் ஹில்லேல் செய்ததாக யூத மரபு சொல்கிறது. ஏழைக்குக் கடன் கிடைக்க வழி பிறந்தது, கடன் தீரும் நாள் மட்டும் இல்லாமல் போனது. கி.பி. 66-ல் எருசலேமில் ரோமருக்கு எதிரான கலகம் வெடித்தபோது, பிரதான ஆசாரியரின் வீட்டுக்குத் தீ வைத்தவர்கள் நேரே ஆவணக் காப்பகத்துக்குப் போய் அதையும் கொளுத்தினார்கள். கடன் பத்திரங்கள் எரிந்தால் கடனாளிகள் திரண்டு தம் பக்கம் வருவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அவர் ஆசாரியர் குடும்பத்தவர், கலகக்காரர்களைக் கொஞ்சமும் பிடிக்காதவர். அவர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் இந்த ஒன்றை நான் தயங்காமல் நம்புகிறேன்.