பழைய கணிப்பொறியும் பொறுப்புள்ள குடும்பமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்துள்ள ஊர் கூனிமேடு. கிழக்கே கடல், வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். மீன்பிடித் தொழிலையும், உப்பளக் கூலியையும், சிறு வணிகத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் இக்கரையில் மிகுதி. கணிப்பொறி என்பது ஒரு காலத்தில் இத்தகைய இல்லங்களுக்கு எட்டாத பொருளாக இருந்தது. அந்நிலையை மாற்றியது 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்புப் பயின்றோரும், கல்லூரி மாணவரும் அதனால் பயன் பெற்றனர். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய அம்மடிக்கணினிகள், கடலோரக் குப்பங்கள் வரை வந்து சேர்ந்தன.

ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. அன்று அதனைப் பெற்ற பிள்ளை இன்று சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்கக்கூடும். மடிக்கணினியோ பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றிக் கிடக்கிறது. தம்பியோ தங்கையோ தேர்வுக்குப் படிக்கவும், தட்டச்சுப் பழகவும், விண்ணப்பம் நிரப்பவும் அதனை மீண்டும் எடுக்கிறார்கள். அது இயங்கத் திணறுகிறது. உடனே கடையில் கொடுத்து 'ஃபார்மட்' செய்து, அதே விண்டோஸ் 7-ஐ மீண்டும் போட்டு வாங்கி வருகிறார்கள். புதிது போலச் சுறுசுறுப்பாக ஓடுவதைக் கண்டு வீட்டார் மனநிறைவு கொள்கின்றனர்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவ்வாறு திரும்பி வந்த கணிப்பொறி வேகத்தில் புதியதே. ஆனால் பாதுகாப்பில் அது 2011-ஆம் ஆண்டுக்கே திரும்பிச் சென்றுவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதற்குச் சேர்த்திருந்த திருத்தங்கள் அனைத்தும் ஒரே நாளில் துடைத்தெறியப்பட்டுவிட்டன.

திருத்தம் என்பது யாது?

மென்பொருள் மனிதர் எழுதுவது. மனிதர் எழுதுவதில் பிழை இருக்கும். அப்பிழைகளுள் சில, தீயோர் உள்ளே நுழைவதற்கு வாயிலாக அமைந்துவிடுகின்றன. அத்தகைய வாயில் ஒன்று கண்டறியப்பட்டதும், அதனை அடைக்கும் கோப்பு ஒன்றை உருவாக்கிய நிறுவனம் வெளியிடுகிறது. இதனையே 'அப்டேட்' என்கிறோம்.

உப்பளத் தொழிலை அறிந்த நம் வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாத்திகள் இருந்தபடியே உப்பைத் தருவதில்லை. கரைந்த வரப்புகளைக் கட்டி, சேற்றை வாரி, தளத்தை மிதித்து இறுக்கிய பின்னரே உப்பு விளையும். சென்ற ஆண்டு கட்டிய வரப்பு இந்த ஆண்டுக்குப் போதும் என்று எந்த உப்பளத் தொழிலாளியும் இருந்துவிடுவதில்லை. கணிப்பொறிக்கும் அத்தகைய வரப்பு வேலை உண்டு.

அதனைச் செய்யாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு 2017-ஆம் ஆண்டு ஒரு கசப்பான பாடத்தைத் தந்தது. அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பெரும் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. சரியாக இரண்டு மாதம் ஆகுமுன், மே 12-ஆம் நாள், அதே ஓட்டையின் வழியே 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று கேட்டது அது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஏறக்குறைய 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தில் காவல்துறைக் கணிப்பொறிகள் சிலவும் இதற்குத் தப்பவில்லை.

பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணிப்பொறிகளே. மருந்து இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. உட்கொள்ளாதவர்களே நோயுற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஏன் கையால் செய்ய வேண்டும்?

கணிப்பொறி தானாகவே திருத்தங்களைத் தேடிக்கொள்ளாதா என்று சிலர் கேட்கலாம். புதிய கணிப்பொறி தேடிக்கொள்ளும். புதிதாக விண்டோஸ் 7 போடப்பட்ட பழைய கணிப்பொறியோ பல மணி நேரம் தேடிக்கொண்டே இருக்கும், ஒன்றும் கிட்டாது. இதற்குக் காரணம் உண்டு.

ஒவ்வொரு திருத்தக் கோப்பும் நிறுவனத்தின் மின்முத்திரையுடன் வருகிறது. 2019-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மைக்ரோசாஃப்ட் பழைய முத்திரையைக் கைவிட்டு, 'ஷா-2' என்னும் வலிமை மிக்க முத்திரைக்கு மாறியது. 2011-ஆம் ஆண்டு நிலையில் உள்ள விண்டோஸ் 7, இப்புதிய முத்திரையை அறியாது. ஆகவே உண்மையான கோப்பையும் ஏற்காது. புதிய முத்திரையை அடையாளம் காணும் அறிவை முதலில் நாமே கொண்டுபோய் அதற்குக் கொடுக்க வேண்டும். மேலும், அதில் உள்ள பழைய உலாவியில் இன்றைய இணையதளங்கள் பல திறப்பதே இல்லை. எனவே வேறொரு நல்ல கணிப்பொறியில் கோப்புகளை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி எடுத்துவருவதே வழி.

செய்முறை

முதலாவது, கணிப்பொறியில் உள்ள புகைப்படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் யாவற்றையும் தனியே ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதனைத் தவிர்க்கவே கூடாது.

இரண்டாவது, 'கம்ப்யூட்டர்' என்னும் குறியின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'ப்ராப்பர்டீஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். 'சர்வீஸ் பேக் 1' என்று இருக்கிறதா, 32 பிட்டா 64 பிட்டா என்பவற்றைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-இன் 'ஸ்டார்ட்டர்' பதிப்பாயின் அது 32 பிட் மட்டுமே. ஒன்றுக்குரிய கோப்பு மற்றொன்றில் ஏறாது.

மூன்றாவது, நம்பத்தக்க வேறொரு கணிப்பொறியில் 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' என்னும் அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் திறந்து, கோப்பின் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் 'கே.பி.' என்னும் எழுத்துகள் வரும். சர்வீஸ் பேக் 1 உள்ள விண்டோஸ் 7-க்கு வேண்டிய எண்களை, நிறுவ வேண்டிய வரிசையிலேயே தருகிறோம்: 3020369, 3125574, 4490628, 4474419, 4536952, 4534310.

இவற்றுள் முதலாவது, இரண்டாவதற்கு வழி திறப்பது. இரண்டாவது, 2016 ஏப்ரல் வரை வெளியான திருத்தங்களுள் பெரும்பாலானவற்றை ஒரே கட்டாகத் தருவது, அளவில் பெரியது. மூன்றாவதும் நான்காவதும் நாம் மேலே கூறிய புதிய முத்திரையை அறியச் செய்பவை. ஐந்தாவது, இறுதிக் கோப்புக்கு வழி செய்வது. ஆறாவது, 2020 ஜனவரியில் வெளியான மாதாந்திரத் திருத்தத் தொகுப்பு. வரிசை மாறினால் சில கோப்புகள் ஏறாமல் நின்றுவிடும்.

நான்காவது, பழைய கணிப்பொறியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக இருமுறை சொடுக்கி நிறுவுங்கள். இணையம் இணைந்திருந்தால் அது தானும் தேடத் தொடங்கி, நம் வேலையைத் தாமதப்படுத்தக்கூடும். ஒவ்வொன்றும் முடிந்ததும் கணிப்பொறியை அணைத்து ஏற்றுங்கள். திரையில் 'அணைக்காதீர்' என்னும் அறிவிப்பு நிற்கும்போது பொறுமையிழந்து பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

இக்கடற்கரை வாசிகளுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. 2020 நவம்பர் 25-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மரக்காணத்தை அடுத்தே கரையைக் கடந்ததை நாம் அறிவோம். காற்று மழைக் காலத்தில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாத கரை இது. பழைய மடிக்கணினியின் பேட்டரியோ பெரும்பாலும் உயிரற்றிருக்கும். நிறுவும் வேளையில் மின்சாரம் நின்றால் விண்டோஸே திறக்காமல் போகவும் கூடும். ஆகவே தெளிந்த வானிலை உள்ள நாளில், போதிய நேரம் ஒதுக்கிக்கொண்டு இவ்வேலையில் இறங்குங்கள்.

எல்லையை அறிதல் வேண்டும்

இவ்வளவும் செய்து முடித்தபின் கணிப்பொறி முற்றிலும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடலாமா? கூடாது. விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. பணம் செலுத்திய நிறுவனங்களுக்கு அளித்துவந்த நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. குரோம் உலாவியும் அதே மாதம் வெளியான 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-க்கு விடை கொடுத்தது. நம் கையால் செய்யும் வேலை அக்கணிப்பொறியை 2011-இலிருந்து 2020 வரை அழைத்து வரும். அதற்கு அப்பால் ஒரு நாளும் அழைத்து வராது.

எனவே அதனை எதற்குப் பயன்படுத்துவது, எதற்குத் தவிர்ப்பது என்று குடும்பமே கூடித் தீர்மானித்தல் நன்று. தட்டச்சு, கணக்குப் பயிற்சி, சேமித்து வைத்த பாடங்கள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கு அது இன்னும் உழைக்கும். வங்கிக் கணக்கைத் திறப்பது, கடவுச்சொல் கொடுப்பது, கல்விக் கடன் விவரங்களை நிரப்புவது ஆகியவற்றை அதில் செய்யலாகாது. மீன் விற்ற பணமும், சுய உதவிக் குழுவில் சேர்த்த பணமும் சிறுகச் சிறுகச் சேர்ந்தவை. ஓர் இரவில் பறிபோக நாம் இடம் தரலாமா?

பங்கு அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைத் தட்டச்சு செய்து வைத்திருக்கும் கணிப்பொறி பழையதாயின், அதனை இணையத்தோடு இணைக்காமல் வைத்து, பதிவுகளின் படியொன்றை வேறிடத்தில் காப்பது அறிவுடைமை.

விண்டோஸ் 10 வைத்திருப்போரும் இருந்துவிடலாகாது. அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நிறைவுற்றது. வீட்டுப் பயனாளர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை திருத்தங்களைப் பெறலாம் என்று ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11-ஓ குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய கணிப்பொறிகளுக்கு அவை இல்லை.

வேறொரு வழியும் உண்டு. அது லினக்ஸ். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையில் தமிழிலும் வேலை செய்யலாம். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஆதரவு முடிவுற்றபோது, தமிழக அரசே தன் துறைகளை இதற்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. ஆதரவு நடப்பில் உள்ள லினக்ஸ் ஒன்றைப் போட்டால், திருத்தங்கள் விலையின்றித் தொடர்ந்து வரும். கல்லூரியில் கணிப்பொறி பயிலும் பிள்ளை வீட்டிலிருந்தால் அவரிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். பதிப்பைத் தேர்ந்தெடுக்குமுன், செயலி 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய லினக்ஸ் பதிப்புகள் பல 32 பிட் செயலிகளைக் கைவிட்டுவிட்டன.

போலிகளைக் குறித்து எச்சரிக்கை

திருத்தம் தேடும் மனிதரைக் குறிவைத்தே வலை விரிப்போரும் உளர். ஏதோ ஒரு தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், "உங்கள் உலாவி காலாவதியாகிவிட்டது, உடனே இதனை இறக்கிக்கொள்க" என்று திரை பளிச்சிடும். அதனை அழுத்தினால் நுழைவது திருத்தமன்று, திருடன். நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் திருத்தக் கோப்புகளைப் பெறாதீர்கள். "உங்கள் கணிப்பொறியில் வைரஸ், நாங்கள் சரிசெய்கிறோம்" என்று தொலைபேசியில் பேசுவோரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். எந்த நிறுவனமும் அவ்வாறு வலிய அழைப்பதில்லை. பணம் பறிபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து அழைத்தால் பணத்தை இடையிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

புதிய கணிப்பொறி வாங்குவதற்கு எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. அதில் குறை ஒன்றுமில்லை. உள்ள பொருளைச் செப்பனிட்டு நெடுநாள் உழைக்கச் செய்வது நம் முன்னோர் காட்டிய சிக்கனமே. ஆனால் சிக்கனம் வேறு, அசட்டை வேறு. தையலும் சமையலும் கற்பிப்பது போல, பழைய கணிப்பொறியைப் பேணும் முறையையும் மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பித்தல் வேண்டும். இக்கட்டுரையில் தந்துள்ள எண்களைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் விடுமுறை நாளொன்றில் அவ்வேலையைச் செய்து முடித்து, வங்கிக் கணக்கு இதில் வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி அக்கணிப்பொறியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.